பாதி வார்த்தை

“உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், தம்பி. நாளையிலருந்து போனைத் தொடாதே. பின்னறையில ஃபைல் அடுக்கு. அங்க யார்கிட்டயும் பேசவேண்டியதில்ல.”

மனம் உடைந்தவர்கள் கூப்பிட்டுப் பேசும் உதவி எண் அலுவலகம் அது. மேலாளர்தான் புதிதாகச் சேர்பவர்களுக்கு ‘கேட்பது ஒரு கலை’ என்று வகுப்பு எடுப்பவர். அந்த வகுப்பில் இதுவரை வேறு யாரும் வாய் திறந்ததில்லை.

“சார், நா... நா...”

“நான் திருத்திக்கறேன்னு சொல்லப்போற. அதானே? எத்தனை நாள்ல திருத்துவ?”

அவன் சொல்லவந்தது அதுவல்ல. ‘நான் பேசறது கொஞ்சம்தான் சார், கேக்கறதுதான் அதிகம்’ என்று சொல்லவந்தான். ஆனால் பிறந்ததிலிருந்து அவனுக்கு வாய்த்தவர்கள் இப்படித்தான். அவன் வாக்கியத்தை அவர்களே முடித்து, பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அக்கா வீட்டுக்காரர் அச்சகத்தில் வேலை வாங்கித் தந்திருந்தார். “மெஷின் போடுற சத்தத்துல நீ திக்கினா யாருக்குத் தெரியப்போகுது, மச்சான்?” நல்ல மனுஷர்தான். அந்த வேலையை உதறிவிட்டு இந்த நாற்காலிக்கு வந்தான். தொண்டை அடைத்துப்போய் நிற்பவர்களுக்கு மறுமுனையில் அவசரப்படாத ஒருவன் வேண்டும், அது தன்னால் முடியும் என்று நம்பினான்.

“நேத்து நீ பேசினதைப் பதிவுல கேட்டேன்” என்றார் மேலாளர். “‘தண்ணி குடிங்க’ன்னு நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள அந்தம்மா ஒரு குடமே குடிச்சிருப்பாங்க.”

அவன் தலை குனிந்துகொண்டான். அதில் மட்டும் திக்கல் இல்லை.

மேசையிலிருந்த தொலைபேசி அடித்தது. புகார் சொல்பவர்கள் கூப்பிடும் எண். மேலாளர் எடுத்தார்.

“யாரு, திக்கிப் பேசறவரா? ஒரு நிமிஷம்மா.” சாட்சி தானாகவே நடந்து வந்ததுபோல மேலாளர் முகம் மலர்ந்தது. ‘நீயே கேட்டுக்கோ’ என்று ஸ்பீக்கரை அழுத்தினார்.

“அவரைப் பத்தி ஒண்ணு சொல்லணும், சார்” என்றது பெண் குரல்.

அவனுக்குத் தெரிந்த குரல். நேற்றைய குரல்.

“மன்னிச்சிடுங்கம்மா. அவரை மாத்தியாச்சு. இனிமே உங்களுக்கு அந்தக் கஷ்டம்...”

“நான் இன்னும் சொல்லி முடிக்கல.”

மேலாளர் அபூர்வமாக வாயை மூடினார்.

“நேத்து, போனை வெச்சிட்டு என் கதையையும் அத்தோட முடிச்சிக்கலாம்னுதான் இருந்தேன். அப்பப் பாத்து அந்தத் தம்பி ஒரு வார்த்தையில மாட்டிக்கிட்டார். பாவம், எவ்வளவு பாடுபடறார், பாதியில வெச்சா மனசு நோகுமேன்னு காத்திருந்தேன்.”

குரல் சற்றே இடறி நின்றது. அவன் அவசரப்படவில்லை. மேலாளரும்தான்.

“அவர் சொல்லி முடிச்சதும், எழுந்து போய்த் தண்ணி குடிச்சேன் சார்.”