நாற்பத்தோராவது கார்டு

அக்கா போனை எடுக்கவில்லை. நாலாவது தடவை.

எடுக்கவும் மாட்டாள். குழந்தைகள் வார்டில் டியூட்டி. பயிற்சி நர்சுகளின் போனெல்லாம் லாக்கரில்.

நான் ஸ்கூலை விட்டவன். ஆனால் அக்காவின் நர்சிங் வகுப்புக்கு ஃபிளாஷ் கார்டு வெப்சைட் செய்தது நான்தான். முன்னால் மருந்தின் பெயர், திருப்பினால் அளவு. 'தெரியாது' என்று அமுக்கினால் அந்தக் கார்டு நாளைக்கே திரும்ப வரும். 'தெரியும்' என்றால் மூணு நாள், பிறகு பத்து நாள், பிறகு ஒரு மாதம் கழித்துத்தான்.

நாற்பத்தோராவது கார்டு, குழந்தைக்கான அளவு. டீச்சர் நோட்டில் சரியாகத்தான் இருந்தது; நான் பக்கத்துக் கட்டத்தைப் பார்த்து, பெரியவர்களுக்கான அளவை அடித்துவிட்டேன். இப்போதுதான் கண்ணில் பட்டது.

வகுப்பில் முப்பது பேர். முப்பது பேரும் மூணு தடவையும் 'தெரியும்' அமுக்கியிருந்தார்கள். உடனே திருத்தினேன். என்ன பிரயோஜனம்? ஒரு மாதத்துக்கு அது எவர் கண்ணிலும் படாது. அப்படிச் செய்துவைத்ததும் நானேதான்.

டீச்சருக்குப் போன் போட்டேன். வகுப்பு அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'ஊசி'.

"எந்த மருந்து?"

சொன்னேன்.

"என் நோட்டை எடுத்துட்டு ஓடி வா. யார்கிட்டயும் வாயைத் திறக்காதே."

ஓடினேன். இந்நேரம் ஏதாவது ஒரு குழந்தைக்கு... அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் அறைக்குள் நுழைந்தபோது டீச்சர் போனைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லா வார்டுக்கும் சொல்லியாச்சு. உங்க அக்கா சிரிஞ்சும் கையுமா நின்னாளாம்."

"குழந்தை?"

"போடலை. நல்லா இருக்கு."

அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

டீச்சர் என்னிடமிருந்து நோட்டை வாங்கிப் பிரித்தார். அந்தப் பக்கத்தைச் சரக்கென்று கிழித்தார். சுக்கு சுக்காக்கி ஜன்னலுக்கு வெளியே போட்டார்.

"டீச்சர், எதுக்கு..."

"பேசாதே."

'தப்பு செஞ்சா மறைக்காதீங்க' என்று வகுப்பில் இவர் தொண்டை கிழியக் கத்துவாராம். அக்கா நடித்துக் காட்டுவாள். இதோ, தன் நோட்டிலிருந்து வந்தது என்றதும் ஜன்னல் வழியாக வெளியே.

கதவைத் தள்ளிக்கொண்டு பெரிய டாக்டர் வந்தார்.

"இவனா? ஸ்கூலுக்கே போகாதவன் சொல்லித்தான் நம்ம பொண்ணுங்க ஊசி போடணுமா? இரு, போலீசைக் கூப்பிடறேன்."



டீச்சர் எழுந்தார். "தப்பு என் நோட்டுல சார். நான்தான் கட்டம் மாத்தி எழுதிட்டேன். பயத்துல இப்பதான் கிழிச்சுப் போட்டேன். நோட்டுல இருந்ததை இவன் அப்படியே அடிச்சிருக்கான், அவ்வளவுதான்."

"உங்க வேலை போயிடும்மா."

"போகட்டும் சார். இவனுக்குப் பதினேழு வயசு."

என் பக்கம் திரும்பினார்.

"ஆமான்னு சொல்லுடா."

நான் சொல்லவில்லை.