நிலைக்குள் இருப்பவர்

வீட்டு வாசல் நிலைக்குள் நீள்கொம்பு வண்டின் புழு ஒன்று இருப்பது தெரிந்த நாளிலிருந்து, வசந்தகோகிலத்தின் குடும்பம் ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்குகிறது. இந்தத் தீவை விட்டால் வேறெங்கும் இல்லாத வண்டாம், மிச்சமிருப்பதே நாற்பதாம். வனத்துறை உத்தரவுப்படி கதவைத் திறக்கக் கூடாது, சுவரை இடித்து வேறு வாசல் வைக்கக் கூடாது, நிலைக்கு மஞ்சள்கூடப் பூசக் கூடாது. சத்தம் போட்டால் நிலையில் பொருத்திய கருவியில் சிவப்பு விளக்கு எரியும். மூன்றாம் முறை எரிந்தால் வீட்டையே காலி செய்ய வேண்டும். இரண்டு முறை எரிந்தாயிற்று.

இன்று மகனுக்குக் கல்யாணம் முடிந்து மருமகள் வந்திருக்கிறாள். ஆரத்தித் தட்டோடு கோகிலம் வாசலில் காவலுக்கு நின்ற வனத்துறைக்காரரிடம் கெஞ்சினாள்.

"ஒரே ஒரு தடவை தொறந்து விடுங்க சார். வீட்டுக்கு வர்ற பொண்ணு வலது காலை எடுத்து வச்சு வரட்டும்."

"புழு வண்டாகி வெளிய வர இன்னும் மூணு வருசம் ஆகும்மா. என் கையில ஒண்ணுமில்ல."

மகன் முகில்வாணன் முதலில் ஏறிக் குதித்து, உள்ளேயிருந்து கை நீட்டினான். மருமகள் கனிமதி பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். எப்படி நுழையப் பார்த்தாலும் தலைதான் முதலில் போயிற்று. ஸ்டூலிலிருந்து வெளியிலேயே இறங்கிவிட்டாள்.

"அத்தை, வண்டு வெளிய போனதும் சொல்லி அனுப்புங்க. நான் வாசல் வழியாவே வர்றேன்."

படகுத்துறையைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள்.

கத்துவதற்கு வாயைத் திறந்த கோகிலம், கருவியைப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அந்த அமைதியில் நிலைக்குள்ளிருந்து கரக், கரக் என்று கேட்டது. புழு நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.