ஆறுதலான முறை

“அவசரப்படாதை பிள்ளை. அந்த மண்ணில இருக்கிற கிருமியளுக்கே சாப்பாட்டைப் போட்டு விடு. அதுகள் ஆறுதலாத் தங்கட வேலையைச் செய்யும்.”

“அப்பா, அதுக்கு நாலு வருசம் செல்லும். வெளியில இருந்து பக்றீரியாவைக் கொண்டுவந்து விட்டா ஒரு வருசம்தான். உங்களுக்கேன் இந்தக் கதை?”

அம்மா இல்லாத வீட்டில் காலைத் தேத்தண்ணியோடு நடந்த இந்த வாக்குவாதம், கனகராயன்குளம் ஊர்க் கூட்டத்திலும் பொறியியலாளர் சாரங்காவை எரிச்சலூட்டிக்கொண்டிருந்தது.

வாகனம் திருத்தும் பழைய கராச் ஒன்று இயந்திரம் கழுவி ஊற்றிய குளோரின் கரைப்பான், ஊர்க் கிணறுகளைக் கெடுத்திருந்தது. குடிதண்ணீர் பவுசர் வண்டியில்தான் வந்தது. ஒருவர் மறுத்தாலும் சுத்திகரிப்பு தொடங்காது. எல்லோரும் வேகமான முறைக்குக் கை தூக்கினார்கள். தனித்து வாழும் தவமலர் மட்டும் தூக்கவில்லை.

“ஏனக்கா? பவுசர் தண்ணிக்குக் குடத்தோட காவல் நிக்கிறது அலுக்கேல்லையே?” என்றாள் சாரங்கா.

“இல்லை. இந்த மண்ணில இருக்கிற கிருமியளுக்கே சாப்பாட்டைப் போட்டு விடுங்கோ. அதுகள் ஆறுதலாத் தங்கட வேலையைச் செய்யும்.”

சாரங்கா திடுக்கிட்டாள். “இதை ஆர் உங்களுக்குச் சொன்னது?”

வெளியே பவுசரின் ஹோர்ன் கேட்டது. தவமலர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு விரைந்தாள்.

“அக்கா, குடத்தை விட்டிட்டு ஓடுறியள்!” என்று யாரோ சிரித்தார்கள்.

பின்னால் போன சாரங்கா, பவுசரை ஓட்டி வந்து இறங்கியவரை முறைத்தாள்.

“அப்பா!”

அவர் தலையைச் சொறிந்தார். “கிணறு சுத்தமானா எனக்கு இஞ்ச வரக் காரணமில்லைப் பிள்ளை. கனநாளாக் கேக்க நினைச்சனான். இவாவை எங்கட வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரட்டே?”