மறந்துடுவேன்

“உங்களை எல்லாம் நான் மறந்துடுவேன்!”

மைக்கில் நோரா மிஸ் சொன்னதும், கடைசி வரிசையில் இருந்த வேலம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மஞ்சக்குட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வழியனுப்பு விழா. அயர்லாந்திலிருந்து வந்து இரண்டு வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த நோரா மிஸ்ஸும் நாளைக்குத் தன் ஊருக்குக் கிளம்புகிறார். கடைசியாகப் பிள்ளைகளிடம் தமிழில்தான் பேசுவேன் என்று பிடிவாதமாக மேடையேறியிருந்தார்.

“நிச்சயமா மறந்துடுவேன். எங்கே போனாலும் மறந்துடுவேன்!”

கூட்டத்தில் சலசலப்பு.

“ஏனுங்க, இப்படியா மூஞ்சிக்கு நேரா சொல்லுவாங்க?” என்றார் பக்கத்திலிருந்த சின்னையன். அவர் பேரனும் இந்த வருஷம் முடிக்கிறான்.

“அதானுங்க! இந்த மிஸ் ஊருக்குப் போறாங்கன்னு எம்புள்ளைக்கு மூணு நாளா சோறு எறங்கலீங்க” என்றாள் வேலம்மாள்.

ஹெட்மாஸ்டர் தனபால் அவசரமாக எழுந்து மைக்கை நோக்கி நடந்தார். அதற்குள் முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து பலமாகக் கைதட்டினாள்.

வேலம்மாளின் மகள் சுதாராணி!

அவ்வளவுதான். வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். கைதட்டல் அடங்கவே இல்லை. ‘வேண்டாம் சார்’ என்பதுபோல ஹெட்மாஸ்டரைப் பார்த்துத் தலையசைத்தாள் சுதாராணி. அவர் தயங்கி, மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

வேலம்மாளுக்குப் பொறுக்கவில்லை. விழா முடிந்ததும் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“எங்க கிளம்பிட்டீங்க? நம்ம தலைச்சோலை ஊருக்குப் போற ஜீப் போயிருமுங்க” என்றார் சின்னையன்.

“போனா போகட்டும், நடந்துக்கறேன். எஸ்டேட்ல கூலிக் கணக்கு எழுதற ரைட்டரையே நிக்க வெச்சுக் கேட்டவ நான். இவங்களை நாலு வார்த்தை கேக்காம நகர மாட்டேன்.”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். நோரா மிஸ்ஸே எதிரே வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

“சுதா அம்மா! ஆறு மாசம் யாருக்கும் சொல்லாம படிச்சேன். என் தமிழ் சரியா இருந்துச்சாங்க?”

மறக்க மாட்டேன் என்பதைத்தான் இப்படி மாற்றிச் சொல்லியிருக்கிறார் என்று வேலம்மாளுக்கு அப்போதுதான் புரிந்தது.

“அது... வந்துங்க மிஸ்...”

“நொம்ப நல்லா இருந்துச்சு மிஸ்! எல்லாமே புரிஞ்சுது!” என்று இடையில் புகுந்தாள் சுதாராணி.

நோரா மிஸ்ஸின் முகம் மலர்ந்தது. அவளை இறுக அணைத்துவிட்டு, அடுத்த பிள்ளையிடம் நகர்ந்தார்.

வேலம்மாள் மகளை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

“ஏம்புள்ள, தப்புன்னு உனக்குத் தெரியுமல்ல? திருத்த வந்த ஹெட்மாஸ்டரையும் தடுத்துப்போட்டே. எல்லாரும் சேந்து கைதட்டி, அந்தம்மாவைக் கேலி பண்றீங்களா?”

சுதாராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ரெண்டு வருஷமா நாங்க தப்புந்தவறுமா இங்கிலீஷ் பேசறப்ப, அவங்க ஒரு நாளும் சிரிச்சதில்லீங்கம்மா. நடுவுல நிறுத்தினதும் இல்லை. பேசி முடிச்சதும் எந்திரிச்சு நின்னு மொதல்ல கைதட்டறதே அவங்கதான்.”