விரித்தால் எழும் தாமரை

அந்த ஊருக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து விடுமுறை நாட்களில் மரகதவல்லிக்குப் பேச்சுத்துணை கிடையாது. அன்று யூடியூபைப் பார்த்து, கெட்டி அட்டையை இரண்டாக மடித்து, கத்தரித்த காகித இதழ்களை உள்ளே ஒட்டி, விரித்தால் தாமரை எழுந்து நிற்கும் வாழ்த்து அட்டை ஒன்று செய்தாள். நன்றாகவே வந்தது. யாருக்குக் கொடுப்பதென்றுதான் தெரியவில்லை. வெகுநேரம் அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்துவிட்டு, எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த அக்கா அட்டையை விரித்தாள். “அட! எனக்கா? என்னம்மா விசேஷம்?”

அதை அவள் யோசித்திருக்கவில்லை. “இன்னைக்கு எனக்குப் பொறந்தநாள்க்கா” என்று வாய் சொல்லிவிட்டது.

“நல்ல கூத்து! நாங்கல்ல ஒனக்குக் குடுக்கணும்? உள்ள வா.”

அவசரமாகச் சேமியா பாயசம் கொதித்தது. பிள்ளைகள் கைதட்டிப் பாடினார்கள். மரகதவல்லி தலை நிமிராமல் சாப்பிட்டாள். அக்கா பேனாவை எடுத்துக் காலண்டரில் அன்றைய தேதியைச் சுற்றி வட்டம் போட்டாள். “இனிமே மறக்க மாட்டோம்” என்றவள், சற்று வெட்கத்தோடு திரும்பிக் கேட்டாள்:

“ஒன் பேரு என்னம்மா?”

மரகதவல்லி சொன்னாள். அக்கா கடைசி எழுத்தை எழுதி முடிக்கும்வரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.