பேசாத கே

"வாங்க தம்பி, உள்ள வாங்க. பயப்படாதீங்க, இந்தத் தடவை ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்று தானியேல் வாசலுக்கே வந்து கூப்பிட்டார்.

சுந்தர்ராஜ் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கித் தயங்கி உள்ளே வந்தான். ஆம்பூரில் இந்த வீட்டுக்கு அவன் வருவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை வந்தது பத்து வருஷத்துக்கு முன்னால், தானியேலின் ஒரே மகள் ஜெபராணியைப் பெண் கேட்டு.

தானியேல் அப்போது தோல் கம்பெனியில் தலைமை குமாஸ்தா. வெள்ளைக்கார ஏஜெண்டோடு இங்கிலீஷில் பேசுகிறவர். அந்தப் பெருமை தலைக்கேறி, பெண் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் பரீட்சை வைத்தார். இங்கிலீஷில் கே, என் என்ற இரண்டு எழுத்தில் ஆரம்பிக்கிற வார்த்தைகளைச் சிலேட்டில் எழுதிக் காட்டுவார். படிக்க வேண்டும், அர்த்தமும் சொல்ல வேண்டும். அந்த வார்த்தைகளில் கே என்பது கல்யாண வீட்டுப் பெரிய மனுஷன் மாதிரி முன்னால் உட்கார்ந்திருக்குமே தவிர, வாயைத் திறக்காது. அது தெரியாமல் அரக்கோணத்து ரயில்வே மாப்பிள்ளை தோற்றுப் போனார். திமிரி வாத்தியாரும் போனார். வாத்தியாருக்கே தெரியவில்லை என்பதில் தானியேலுக்கு ஒரு வாரம் சந்தோஷம்.

சுந்தர்ராஜ் அதே கம்பெனியில் தோல் சீவுகிறவன். சிலேட்டில் முதல் வார்த்தையே கத்தி. 'கினைஃப்' என்று படித்தான்.

"நாள் முழுக்கக் கையில பிடிக்கிற கத்தி, அது பேரு வாயில வரலியே!" என்று நாலு பேர் முன்னால் தானியேல் சிரித்தார். திரைக்குப் பின்னால் ஜெபராணி அழுதது அவருக்குக் கேட்கத்தான் செய்தது. கேட்காத மாதிரி இருந்துவிட்டார். சுந்தர்ராஜ் வேலையை விட்டுவிட்டு ராணிப்பேட்டைக்குப் போய்விட்டான்.

அதற்கப்புறம் மாப்பிள்ளைகள் வருவது குறைந்து, பிறகு நின்றே போனது. ஜெபராணி மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராகி, முப்பதையும் தாண்டிவிட்டாள். ஒரு நாளும் அப்பாவைக் குறை சொன்னதில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றும்.

இன்று காலை கோயிலில் ஞாயிறு ஆராதனையின்போது, ஆண்கள் பக்கத்தில் சுந்தர்ராஜ் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் கிழவருக்கு உயிர் வந்தது. ஊருக்கே திரும்பி வந்துவிட்டான் போலிருக்கிறது. அவனைப் பற்றி வேறு யாரிடமும் வாயைத் திறந்தால் பழைய கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். அதனால் நேரே அவனிடமே போய், "சாயங்காலம் வீட்டுப் பக்கம் வந்துட்டுப் போங்க தம்பி" என்றார். ஜெபராணியிடம்கூட யார் வருவது என்று சொல்லவில்லை. காப்பி போடச் சொன்னதோடு சரி.

"நீங்க கூப்ட்டதுமே இன்னா விஷயம்னு புரிஞ்சிடுச்சு ஐயா" என்றான் சுந்தர்ராஜ். "நானே வந்து சொல்லியிருக்கணும். லேட் பண்ணிட்டேன்."

"லேட் பண்ணது நீங்க இல்ல தம்பி, நான்." தானியேல் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்கார வைத்தார். "அன்னிக்கு உங்களப் பாத்து சிரிச்சது பெரிய தப்பு. மன்னிச்சிடுங்க."

"ஐயோ, பெரியவங்க நீங்க... அதெல்லாம் பழங்கதை. இப்ப கேட்டுப் பாருங்க, கரெக்டா சொல்றேன்."

"வேணாம் தம்பி."

"சும்மா கேளுங்க ஐயா. நைஃப், கத்தி. நீ, முழங்கால். நாட், முடிச்சு. நாக், கதவைத் தட்டறது. நீல், முழங்கால் போட்டு ஜெபம் பண்றது." தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டைக் கறை ஏறிய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான். "கே முன்னால நிக்கும், சத்தம் மட்டும் போடாது."

தானியேல் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "யாரு தம்பி சொல்லிக் குடுத்தது?"

"எல்லாம் உங்க பொண்ணு தயவுதான்" என்று அவன் வெட்கத்தோடு சிரித்தான்.

கிழவருக்குத் தலைகால் புரியவில்லை. கள்ளி, ஒரு வார்த்தை சொன்னாளா! தான் கெடுத்ததை ஆண்டவர் எப்படியோ சரிக்கட்டிவிட்டார் என்று நினைத்தபோது கண் கலங்கியது.

"ஜெபராணி! வாம்மா, யாரு வந்திருக்காங்க பாரு!"

காப்பித் தம்ளரோடு வந்த ஜெபராணியின் முகம் அவனைப் பார்த்ததும் மலர்ந்தது. "நீங்களா? வாங்க. எஸ்தருக்கு ஜுரம் விட்டுச்சா?"

"விட்டுடுச்சு டீச்சர். சொல்லி அனுப்பாம ஒரு வாரம் பள்ளிக்கூடத்துக்கு வராம நின்னுட்டதுக்குத்தான் ஐயா கூப்ட்டாருன்னு ஓடி வந்தேன். படுத்துக்கிட்டே நீங்க குடுத்த பாடத்தயே சத்தமா சொல்லிக்கிட்டு இருந்துச்சு. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

தானியேலின் பிடி தளர்ந்தது. "எஸ்தர் யாரும்மா?"

"இவரோட மூத்த பொண்ணுப்பா" என்றாள் ஜெபராணி. "சாயங்காலம் அதோட அம்மா கூட்டிட்டுப் போக வர்ற வரைக்கும், எம் மடியிலதான் உக்காந்திருக்கும்."