எந்த ஸ்கோப் நல்லது?

துவக்கில் பூட்டிக் குறிபார்க்கும் ஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே திரும்பியதில், வேட்டைச் சாமான் கடையில் நின்ற பாடம்பண்ணிய கரடியை இடித்து விழுத்திவிட்டேன்.

“அங்கிள், அது ஏற்கெனவே செத்தது,” என்றான் கடையில் வேலைசெய்யும் விதுஷன்.

நான் இருக்கும் அஜின்கோர்ட்டிலிருந்து பஸ் மாறி, சனிக்கிழமை தவறாமல் வருகிறேன். வீட்டில் என்னோடு வாய் திறப்பது மைக்ரோவேவ் மட்டும்தான்.

“இது மூண்டில இருந்து ஒன்பது மடங்கு வரை பெருசாக் காட்டும். மலிவு. சுட்டுப் பழகவும் மான் வேட்டைக்கும் காணும்.”

“போன கிழமை பாத்தது இன்னும் தெளிவெல்லோ?”

“அதையும் வேண்டாமெண்டனீங்கள்.”

இன்றைக்கும் வாங்காவிட்டால் இனி உள்ளே விடமாட்டான் என்று பயந்தேன்.

“மறைக்காமல் சொல்லும் தம்பி. எனக்கு எது சரிவரும்?”

அவன் ஸ்கோப்பைப் பெட்டியில் வைத்து மூடினான்.

“ஒண்டும் வேண்டாம், அங்கிள். உங்களிட்டத் துவக்கே இல்லையெண்டு எனக்கு முதல் நாளே தெரியும். சும்மா கதைக்க வாங்கோ. எனக்கும் இஞ்ச தமிழ் கதைக்க வேற ஆளில்லை.”